பூவாடைக்கு வைத்த டிராகன் புத்தகம்

ரத்தம் கழுவும் இடத்தில்தான் எனக்கும் என் மகளுக்கும் அந்த வழக்கு ஆரம்பித்தது. அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் எங்கள் ஊர் குருணிலிருந்து பெரிய டவுனான அலோர் ஸ்டாருக்குப் போக வேண்டும். கையில் ஊசி குத்தி, உடம்பு ரத்தத்தை மிஷினுக்குள் விட்டுக் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். அரை நாள் பிடிக்கும். என் மகன் காரில், நாங்கள் காடி என்போம், எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போவான். நான் அவள் கட்டில் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு கையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பாள்.

எல்லாம் இங்கிலீஷ் புத்தகம். தலையணை மாதிரி தடிமன். அட்டையில் இறக்கை வைத்த பாம்பு, நெருப்பு, கோட்டை. குருணில் ஃபேக்டரி வேலைக்குப் போன காலத்திலிருந்தே சம்பளம் வந்ததும் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவிடுவாள். ஒரு நாள் படித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“என்னாடி? ஊசி வலிக்குதா? மிஸியைக் கூப்பிடவா?”

“இல்லம்மா. டிராகன் செத்துப்போச்சு.”

“எது?”

“இந்தா, இந்த அட்டையில இருக்குல்ல, அது. கிழட்டு டிராகன்மா. பனியில ஊரே உறைஞ்சு போச்சு. அது தன் வயித்துல இருந்த நெருப்பை எல்லாம் வீட்டு வீட்டு அடுப்புக்கும் குடுத்துட்டு, கடைசியில அதுக்குக் குளிர் வந்து செத்துப்போச்சு.”

“அப்படி ஒரு ஜந்து உலகத்துல இருக்கா?”

“இல்ல.”

“எழுதினவன் பொய்யா எழுதினான். உனக்கும் தெரியும். பொய்னு தெரிஞ்சே எப்படிடி அழுவே?”

“அழுகை வருதே, என்ன பண்றது? இதுக்குப் பேரு பேன்டசிம்மா. நீ தீமிதிக்கு முன்னால கோயில்ல உக்காந்து புராணம் கேட்டு மூக்கைச் சிந்துறியே, அதுவும் இதுதான். பறக்குற தேரு, மலையைத் தூக்குற குரங்கு, நெருப்புல இருந்து எந்திரிச்சு வர்ற பொண்ணு. எல்லாம் ஒரே புக் ரேக்குதான்லா.”

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பால் வெட்டி, இந்தப் பிள்ளைகளை ஆளாக்கினவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாவதோடு நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் என் எதிரில் யாரும் சாமியைக் கதை என்று சொல்லிவிட்டுச் சும்மா எழுந்து போனதில்லை. பெற்ற மகளாக இருந்தால் என்ன?

“உன் டிராகனுக்கு எவனாச்சும் பொங்கல் வைக்கிறானா?” என்று கேட்டேன்.

“அப்ப பொங்கல் வச்சாத்தான் நெசமா? சரி, வீட்டுக்குப் போனதும் டிராகனுக்கு ஒரு பானை வையேன்.”

“எழுதினவன் பேரு அட்டையில போட்டிருக்கு. அவன் உக்காந்து யோசிச்சு உண்டாக்கினது. நம்ம கதைக்கு எவன் பேரு இருக்கு?”

“முதல்ல ஒரு ஆளு சொல்லித்தானேம்மா இருப்பான்? அவன் பேரை நீங்க எல்லாம் மறந்துட்டீங்க. அவ்ளோதான்.”

அவள் சிரித்த சிரிப்பில் மிஷின்கூடக் கத்தியது. கையை ஆட்டக்கூடாது, ஆட்டினால் கத்தும். மிஸி, அதான் நர்ஸ், ஓடி வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான மலாய்க்கார அம்மா படுத்திருப்பார், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் மகளும் என்ன சண்டை என்று கேட்டார். மகள் மலாயில் எடுத்துச் சொன்னாள். மாக்சிக் யோசித்துவிட்டு, “எங்க பக்கம் முன்னொரு காலத்துல பல்லு நீண்ட ராஜா ஒருத்தன் ரத்தம் குடிச்சிட்டுத் திரிஞ்சானாம். நாங்க அதை நெசம்னும் சொல்றதில்ல, பொய்னும் சொல்றதில்ல. அந்தப் பக்கம் போனா வாயை மூடிக்கிட்டுப் போயிடுவோம்” என்றார்.

“அந்த ராஜா இங்கதான் மாக்சிக் இருக்கான்” என்று என் மகள் மிஷினைக் காட்டினாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் அப்படியும் சிரித்திருக்கிறோம்.

அவளிடம் நான் தோற்கத் தயாராக இல்லை. ஒரு நாள் பூவாடையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண் சும்மா போய்விடுவதில்லை. வீட்டுக்குச் சாமியாகிவிடுவாள். அவளுக்குப் பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். தண்ணீர் ஓடும் இடத்துக்குப் போய், பம்பை அடித்துப் பாடிக் கூப்பிடுவார்கள். அவள் யார் மேலாவது இறங்கி வருவாள். சொம்பில் தண்ணீர் மொண்டு, அவளை அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, சேலை வளையல் வைத்துப் படைப்பார்கள். கன்னியாகவே போன என் மாமனாரின் தங்கை அப்படி வந்து பேசியதை நானே பார்த்திருக்கிறேன்.

“உன் புத்தகத்துல இருக்கிறது எதுவாச்சும் கூப்பிட்டா வருமா? கூப்பிட்டா வர்றதுதான்டி சாமி. கூப்பிட்டும் வராதது கதை” என்றேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவள் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள். “அப்ப நான் செத்தா வருவேனா?”

“வாயை மூடு.”

“சொல்லும்மா. எனக்கும்தான் கல்யாணம் ஆவல. தம்பி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவேல்ல?”

போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். அவளே பேசினாள். “சாமியா வந்தா தண்ணி அளவு கிடையாதுல்ல? அப்ப வந்ததும் வராததுமா பெரிய கிளாஸ்ல பண்டோங் ஐஸ் கேப்பேன். சேலை எல்லாம் வேணாம். பண்டோங் கேட்டா நான்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சுக்க.”

கிட்னி போனவர்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான் குடிக்கலாம். அந்தப் போத்தலை நான்தான் வைத்திருப்பேன். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பாள். ஒரு ஐஸ் கட்டி கொடுப்பேன். அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவாள். ரத்தம் கழுவும் இடத்துக்கு எதிரில் ஒரு தண்ணீர்க் கடை. ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங்கைப் பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பார்கள். வேர்த்து வழிகிற அந்த ஜாடியைக் காடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவாள். வாங்கித் தா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது உடம்பில் தெம்பே இருக்காது. பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். இடது கையில் ஊசி குத்துவதற்காக நரம்பை வெட்டித் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காது வைத்தால் ரத்தம் ஓடுவது கேட்கும். புறா குனுகுவது போல இருக்கும். அந்தக் கையில் கடிகாரம் கட்டக்கூடாது, வளையல் போடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. குருண் வரும் வரைக்கும் அந்தக் கையை என் கையில் ஏந்திக்கொண்டு வருவேன்.

அவள் போனது ஒரு மழை நாளில், பட்டப்பகலில், ஆஸ்பத்திரி வார்டில். தண்ணி என்றாள். மிஸி பஞ்சை நனைத்து உதட்டில் தடவச் சொன்னாள். தடவினேன். அவ்வளவுதான் கொடுக்க முடிந்தது.

அவள் இருந்த வரைக்கும் அவள் தம்பி கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அக்காவுக்குக் காடி ஓட்ட ஆள் வேண்டும் என்பான். அவள் போன பிறகு அலோர் ஸ்டார் ஓரம் மெர்கோங்கில் ஒரு வீடு வாங்கி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். பிறகு பெண் அமைந்தது. நல்ல பெண். கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவன் மறுக்கவில்லை.

“அக்கா வருமாம்மா?”

“கூப்பிட்டா வருவா” என்றேன்.

எனக்கு அதற்குப் பிறகு சரியான சாப்பாடு இல்லை. மாப்பிள்ளை வீட்டு வேலை மலைபோலக் கிடக்க, நான் அவள் ஒருத்தி வருவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி, பூ, கொழுக்கட்டைக்கு மாவு எல்லாம் வாங்கினேன். பழைய பெட்டியைத் திறந்து டிராகன் புத்தகத்தை எடுத்தேன். அதில் பாதிக் கதையை அவள் எனக்குத் தமிழில் சொல்லியிருந்தாள். மீதி இங்கிலீஷிலேயே இருக்கிறது.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, ஒத்தாசைக்கு வந்திருந்தாள். என் மகளைத் தூக்கி வளர்த்தவள். தாம்பாளத்தில் சேலை மேல் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

“என்னா அண்ணி இது? சாமிக்கு முன்னால கதைப் புத்தகமா? நாளைக்கு ஹேண்ட்போனும் வைப்பீங்க போல.”

“அவ கேட்டா அதையும் வைப்பேன்.”

“பூவாடைன்னா ஒரு முறை இருக்கு அண்ணி. உங்க இஷ்டத்துக்கு வச்சா அவ எப்படி வருவா?”

“அவ இஷ்டத்துக்கு வச்சாத்தான் வருவா. நீ மாவைப் பிசை.”

மகன் இடையில் வந்து, “விடுங்க அத்தை, அக்கா புத்தகம்தானே, இருக்கட்டும்லா” என்றான். புத்தகம் தாம்பாளத்திலேயே இருந்தது.

எங்கள் பழைய தோட்டம் குருணுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. ஆற்றுக்கால் மட்டும் ஓடுகிறது. அவள் பிறந்த தோட்டத்துத் தண்ணீரில்தான் அழைக்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். விடிந்ததும் போனோம். வழியில் கடையில் பண்டோங் வாங்கி, ஐஸ் நிறையப் போட்டு, மூடி போட்ட பெரிய கிளாஸில் ஊற்றிக்கொண்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். அந்த அடையாளத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது அடையாளம் இல்லையே.

பூசாரி பம்பையை அடித்துப் பாட ஆரம்பித்தார். பிறந்த வீட்டை மறந்தாயோ, பெற்றவளை மறந்தாயோ என்று அவர் இழுக்க இழுக்க எனக்குக் கால் தரிக்கவில்லை. என் மேலேயே வருவாள் என்றுகூட நினைத்தேன். கண்ணை மூடி நின்றேன். ஒன்றும் வரவில்லை, முழங்கால் வலிதான் வந்தது. அப்போது என் நாத்தனார் ஒரு கூச்சல் போட்டாள். தலைமுடி அவிழ்ந்துவிட்டது. உடம்பு உதறியது.

“வந்தது யாரும்மா?” என்று பூசாரி கேட்டார்.

“இந்த வூட்டுக் கன்னிடா... வந்துட்டேன்டா... என்னை மறந்து போனீங்களேடா...”

மகன் அப்படியே சகதியில் மண்டியிட்டான். பேசட்டும், பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சேலை கொண்டாந்தியா? வளவி கொண்டாந்தியா?”

தாம்பாளத்தை நீட்டினேன். வந்தவள் புத்தகத்தைத் தள்ளிவிட்டு வளையலை எடுத்தாள். எடுத்து இடது கையில் மாட்டினாள். ஒன்று, இன்னொன்று என்று நெருக்கி நெருக்கி மாட்டினாள். அந்தக் கையில்.

வேண்டாம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கிளாஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். மூடியைத் திறந்தேன். ஐஸ் இன்னும் கரையவில்லை.

“தாயி, தாகமா இருப்பே. என்ன குடிக்கிறே?”

“எளநி கொடு!”

“இந்தா, இது உனக்குத்தான் வாங்கியாந்தேன். எம்புட்டு வேணுமோ குடி. அளவு கிடையாது.”

கையை ஆட்டிக் கிளாஸை விலக்கினாள். “எளநி கொடுடி!”

இளநீர் கிட்னிக்காரர்களுக்கு ஆகாது. குடித்தால் நெஞ்சே நின்றுவிடும் என்று மிஸி முதல் நாளே சொல்லியிருந்தாள். என் மகள் இளநீர்க் கடையைப் பார்த்தால் எமன் கடை என்பாள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வந்தவள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். மார்பெல்லாம் வழிந்தது.

என் நாத்தனாரை நான் குறை சொல்லமாட்டேன். அவள் நடிக்கிற பெண் இல்லை. அவள் மேல் ஏதோ ஒன்று வந்தது, அது எனக்கே தெரிந்தது. வழிவழியாக எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் பெண்ணோ. அவளையும் நான் கும்பிட்டேன். ஆனால் அவள் என் மகள் இல்லை.

என் மகன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கவா? உனக்கு மனசு சரியாக்கா?” என்று கேட்டான். அத்தனை பெரிய ஆம்பளை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டான். என் மகள் அவனை ஒரு நாளும் தடியா என்று சொல்லாமல் கூப்பிட்டதில்லை. வந்தவள் அவன் தலையில் கை வைத்து, “பண்ணிக்க மவனே. உன் வூட்டுல நானே வந்து பொறப்பேன்” என்றாள். அவன் கதறிவிட்டான். அக்கா செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

சொம்பில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் துணி சுற்றி, என் கையில் கொடுத்தார்கள். சொம்பை ஏந்தினவள் வீடு போய்ச் சேரும் வரைக்கும் பேசக்கூடாது. வாயைத் திறந்தால் வந்தவள் போய்விடுவாள். அது முறை.

காடியில் பின்சீட்டில் ஏறிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தலை இருந்த இடம். அதே ரோடுதான், அப்போது குருணைப் பார்த்து வருவோம், இப்போது குருணை விட்டுப் போகிறோம். நாத்தனார் களைத்துப்போய் முன்சீட்டில் தூங்கிவிட்டாள். ரோட்டில் குழி வரும்போதெல்லாம் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மகன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தை அப்படிப் பார்த்தேன்.

“அக்காதானேம்மா வந்துச்சு?”

நான் பேசக்கூடாது. அது நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

“மா. பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டு. அக்காதானே?”

ஆட்டினேன்.

அவன் ஒரு மூச்சு விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சொம்பை விட்டுக் கையை எடுக்க முடியாது. துடைக்காமலே வந்தேன். மடியில் இருந்தது ஆற்றுத் தண்ணீர் என்று தெரிந்துதான் அழுதேன். பொய்னு தெரிஞ்சே எப்படிடி அழுவே என்று நான் கேட்டதும், மிஷின் பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்ததும் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை.

வீட்டில் மூலையில் சொம்பை வைத்துப் படைத்தோம். கொழுக்கட்டையை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சேலையை முறைப்படி எனக்கே கொடுத்தார்கள். பண்டோங்கில் ஐஸ் கரைந்து வெளிறிப் போயிருந்தது. புத்தகத்தை யாரும் தொடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மருமகள் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள்.

போன மாதம் இங்கே கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். புராணமும் கற்பனைக் கதையும் ஒன்றா என்று பேசினார்கள். படித்த ஒரு தம்பி, உலகத்தின் முதல் பேன்டசியே நம் புராணம்தான், அதில் பெருமைப்பட வேண்டும் என்றார். இன்னொருவர் எழுந்து, இது சாமிக் குத்தம் என்று கத்தினார். இரண்டு பேர் பேச்சும் எனக்குப் பழக்கமான பேச்சுத்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முன்னாலென்றால் அந்தத் தம்பியோடு மல்லுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு, அவர் பேசும்போது கையை ஆட்டிச் சிரித்ததைப் பார்த்து, இவருக்கு எதிரில் என் மகள் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று மட்டும் நினைத்தேன்.

சாமி இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கூப்பிட்டவர்களுக்கு வந்த சாமிகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வராதது என் மகள் ஒருத்திதான். கூப்பிட்டும் வராதது கதை என்று அவளிடம் சொன்னவளும் நான்தான். அந்தப் பேச்சை இப்போது எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் மூலையில் விளக்கு ஏற்றுகிறேன். டிராகன் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் பெரிய கிளாஸில், விளிம்பு தட்ட, குளிர்ந்த தண்ணீர் வைக்கிறேன். சனிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பேன். வெளியே வேர்த்த ஈரம் காய்ந்து தரையில் ஒரு வட்டம் இருக்கும். தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே இருக்கும்.